புண் ஆறும் முன் உடல் கரைவதைத் தடுத்தல்: 45% தீக்காயமுற்ற ஏழு வயதுச் சிறுமியின் நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் சிறுமி தனி ஒரு குழந்தை அல்ல. மதுரை வட்டாரத்தில் இவ்வளவு பெரிய தீக்காயத்தோடு வரும் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறதோ, அதை ஒரே நோயாளியின் வரலாறாகக் கோத்திருக்கிறோம். படிப்பவர் தாமே போட்டுப் பார்க்கட்டும் என்பதற்காகக் கணக்குகளை முழுமையாகத் தந்திருக்கிறோம்.

ஆரம்ப நிலை

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், கார்த்திகை தீப நாள் மாலை 7 மணி. திண்ணையில் வரிசையாக வைத்த அகல் விளக்கில் நைலான் பாவாடை பற்றிக்கொண்டது. வீட்டில் இட்லி மாவை அப்பிவிட்டார்கள். பக்கத்து மருத்துவமனையில் 400 மி.லி. ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம்) ஏற்றி, 108 வண்டியில் சுமார் 40 கி.மீ. தாண்டி இரவு 10 மணிக்கு மதுரையில் ஒரு தீக்காயப் பிரிவுக்கு வந்தாள். மார்பு, வயிறு, இரு தொடைகள், இரு கைகள் என உடற்பரப்பில் மொத்தம் 45%; அதில் 32% ஆழமான காயம். முகமும் மூச்சுக்குழாயும் தப்பியிருந்தன.

பள்ளி மருத்துவப் பரிசோதனை அட்டையில் எடை 20 கிலோ, உயரம் 116 செ.மீ. என்று இருந்தது. இந்த அட்டையைத் தேடி வாங்குவது வீண் வேலை அல்ல. மறுநாள் வீக்கத்தோடு நிறுத்தபோது 22.4 கிலோ காட்டியது. அந்த எடைக்கு மருந்து போட்டால் எல்லாமே பன்னிரண்டு சதவீதம் கூடிப்போகும். உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடற்பரப்பு 0.8 சதுர மீட்டர். காயப்பரப்பு 0.36 சதுர மீட்டர்.

முதல் நாள் திரவம்: காயப்பரப்பில் சதுர மீட்டருக்கு 5000 மி.லி. வீதம் 1800, மொத்தப் பரப்பில் சதுர மீட்டருக்கு 2000 மி.லி. வீதம் 1600, ஆக 3400 மி.லி. பாதியான 1700-ஐத் தீப்பற்றிய நேரத்திலிருந்து எட்டு மணிக்குள், அதாவது அதிகாலை 3 மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே போன 400-ஐக் கழித்து, மீதி ஐந்து மணி நேரத்துக்கு மணிக்கு 260 மி.லி. சிறுநீர் மணிக்கு 20 மி.லி.க்குக் குறையாமல் வந்ததால் இதில் சிக்கல் எழவில்லை. சிக்கல் மூன்றாம் நாள் தொடங்கியது.

மூன்றாம் நாள்

அதிர்ச்சி நிலை தாண்டிவிட்டது, இரத்த அழுத்தம் 104/62. ஆனால் தூங்கும்போதே நாடி 168, உடல்வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ், இரத்தச் சர்க்கரை 212. பிறப்பிலேயே சர்க்கரை நோய் இருந்திருக்குமோ என்று தந்தை கேட்டார். இல்லை. தோலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெந்துபோனால் அட்ரினலின் வகைச் சுரப்புகள், கார்டிசால், குளுககான் எல்லாம் பல மடங்கு ஏறி, அப்படியே நின்றுவிடுகின்றன. கல்லீரல் ஓயாமல் குளுக்கோஸைத் தயாரித்துத் தள்ளுகிறது. தசையோ இன்சுலினுக்குக் கட்டுப்படுவதில்லை. அந்தக் குளுக்கோஸுக்கு மூலப்பொருள் தசையிலிருந்து உருவப்படும் அமினோ அமிலம். கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படிகிறது. படுக்கையில் அசையாமல் கிடக்கும் குழந்தை, ஓடி விளையாடும் குழந்தையைவிடக் கூடுதலாக எரிக்கிறது. புண் மூடியதும் இது அடங்கிவிடும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை நீடிப்பதும், அக்காலத்தில் குழந்தையின் உயர வளர்ச்சி தடைப்படுவதும் பின்னர் தெரியவந்தது.

மருந்தைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

அறையின் சூடு முதலில். ஐ.சி.யு. ஏ.சி. வழக்கம்போல் 22-இல் ஓடிக்கொண்டிருந்தது. தோலில்லாத உடலிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பமும் போகிறது. அதை ஈடுகட்டக் குழந்தை இன்னும் எரிக்கும். அறையை 30 முதல் 32 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் நடுக்கம் நின்றது. மதுரை வெயிலை எல்லாரும் திட்டுவோம், இந்த ஒரு வார்டில் அது மருந்து. வேலை பார்க்கும் செவிலியர்களுக்கு வியர்த்துக் கொட்டும். அவர்களுக்கு வேலை நேரத்தை மாற்றி மாற்றி ஒதுக்குவதுதான் வழி, ஏ.சி.யைக் கூட்டுவது அல்ல.

அடுத்தது வலி. வலியோடு டிரெஸ்ஸிங் மாற்றினால் நாடியைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் மருந்து எதுவும் நாடியை இறக்காது. வலிநீக்க மார்பின் என்ற மருந்து, டிரெஸ்ஸிங் நேரத்தில் கெட்டமின் என்ற மயக்க மருந்து. பிறகு இறந்த தோலைச் சீக்கிரம் வெட்டியெடுத்து மூடுவது: நான்காம் நாள் 16%, ஒன்பதாம் நாள் மீதி 16% என்று திட்டம். வெந்த தோல் உடம்பில் இருக்கும் வரை மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

உணவு முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே மூக்குக்குழாய் வழியே தொடங்கியது. தேவை: மொத்தப் பரப்பில் சதுர மீட்டருக்கு 1800 கலோரி வீதம் 1440, காயப்பரப்பில் சதுர மீட்டருக்கு 1300 கலோரி வீதம் 468. சுமார் 1900 கலோரி. புரதம் கிலோவுக்கு 3 கிராம், நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. மாவுச்சத்து மிகுந்து கொழுப்பு குறைந்த உணவே இவர்களுக்கு ஏற்றது. விலை உயர்ந்த டப்பா மாவு இல்லாமலே இதை எட்டலாம்: நீல பாக்கெட் ஆவின் பால் ஒரு லிட்டர், முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு சத்துமாவு 130 கிராம், வெல்லமோ சர்க்கரையோ 100 கிராம், ஆறு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு முழு முட்டை, இரண்டு வாழைப்பழம். ஏறத்தாழ 1800 கலோரியும் 70 கிராம் புரதமும் கிடைக்கும். முளைகட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முளைத்த தானியத்தின் அமிலேஸ் கஞ்சியை நீர்க்க வைக்கிறது. முளைகட்டாத மாவு அதே அளவில் களியாகிக் குழாயை அடைத்துவிடும். முட்டையைப் பச்சையாக ஊற்றக் கூடாது, வேகவைத்து மிக்சியில் அடித்து வடிகட்ட வேண்டும். தொங்கவிட்ட உணவை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

பாட்டி முட்டைக்கு ஒப்பவில்லை. புண் இருக்கும்போது முட்டை, மீன், கத்தரிக்காய் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்ற பத்தியம் இந்தப் பக்கம் ஆழ வேரூன்றியது. வாதாடிப் பயனில்லை. தோல் ஒட்டு வைத்த இடத்தை டிரெஸ்ஸிங் சமயத்தில் காட்டி, புதுத் தோல் புரதத்தால்தான் பிடிக்கிறது என்று சொன்னபோது ஒப்புக்கொண்டார்.

ப்ரொப்ரனலால்

அட்ரினலினின் வேலையைத் தடுத்து நாடியைத் தணிக்கும் பீட்டா தடுப்பான் இது. இதைக் கொடுப்பதற்கான அடிப்படை 2001-இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஹெர்ன்டன் குழு வெளியிட்ட ஆய்வு. 40 சதவீதத்துக்கு மேல் வெந்த 25 குழந்தைகள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நாடித்துடிப்பு 20% குறையும் அளவுக்கு ப்ரொப்ரனலால். இரண்டு வாரத்தில் மருந்து பெற்றவர்களின் ஓய்வுநிலை எரிசக்திச் செலவு இறங்கியது, தசைப் புரதத்தின் நிகர இருப்பு ஏறியது. பெறாதவர்களின் தசை கரைந்துகொண்டே போனது. மிக மலிவான மாத்திரை. எந்த அரசு மருந்தகத்திலும் கேட்கலாம். இவ்வளவு எளிதில் கிடைக்கும் மருந்து பல குழந்தைகளுக்குப் போய்ச் சேராமல் இருப்பது வேதனை.

இச்சிறுமிக்கு ஆஸ்துமா இல்லை, இதயத்தின் மின்கடத்தலில் தடை (ஹார்ட் பிளாக்) இல்லை, இரத்த அழுத்தத்துக்கு ஊக்கி மருந்து ஓடவில்லை. மூன்றையும் உறுதி செய்த பின் மூன்றாம் நாள் மாலை தொடங்கினோம். கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மி.கி., அதாவது 5 மி.கி. வீதம் ஆறு மணிக்கொரு தடவை. ஐந்தாம் நாள் 10 மி.கி. வீதம், எட்டாம் நாள் 15 மி.கி. வீதம். நாடி 168-இலிருந்து 154, 141, பிறகு 134. தொடக்க நாடியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 134, இலக்கு எட்டியது. நூல்களில் கிலோவுக்கு 4 மி.கி. என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதைத் துரத்தக் கூடாது. நாடிதான் இலக்கு, மில்லிகிராம் அல்ல.

தயாரிப்பு: 10 மி.கி. சாதா மாத்திரையைப் பொடித்து 10 மி.லி. நீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 1 மி.கி. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரைத்து, குழாயில் செலுத்திய பின் 10 மி.லி. நீர் விட்டுக் கழுவ வேண்டும். 40 மி.கி. மெதுவாகக் கரையும் கேப்சூலைப் பிரித்துக் கரைக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே வேளையில் இறங்கும். நிறுத்தி வைக்கும் எல்லை படுக்கை அட்டையிலேயே எழுதப்பட்டது: சிஸ்டாலிக் அழுத்தம் 84-க்குக் கீழ் (70-உடன் வயதின் இரு மடங்கு), மூச்சில் விசில் சத்தம், சர்க்கரை 80-க்குக் கீழ், அல்லது உணவு நின்றிருத்தல். கடைசி நிபந்தனைதான் பிறகு மீறப்பட்டது.

இன்சுலினும் ஏமாற்றிய மீட்டரும்

சர்க்கரையின் இலக்கு 140 முதல் 180. 2010-இல் வெந்த குழந்தைகளிடம் 80 முதல் 110 வரை இறக்கிய ஆய்வில் தொற்று குறைந்தது உண்மை. ஆனால் தாழ்சர்க்கரை கூடியது. பெரியவர்களிடம் 2009-இல் நடந்த நைஸ்-சுகர் ஆய்வில் இறுக்கமான கட்டுப்பாடு இறப்பையே கூட்டியது. மணிக்கு மணி ஆய்வகச் சோதனை கைக்கெட்டாத இடத்தில் குறைந்த இலக்கை வைப்பது குழந்தையின் மூளையைப் பணயம் வைப்பது.

50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மி.லி. சலைனில் கலந்தால் ஒரு மி.லி.க்கு ஒரு யூனிட். நம் ஊரில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மி.லி.க்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. 40 குப்பியென்றால் 1.25 மி.லி. எடுக்க வேண்டும், 100 குப்பியென்றால் 0.5 மி.லி. சிவப்பு மூடி சிரிஞ்ச் முன்னதற்கு, ஆரஞ்சு மூடி பின்னதற்கு. மாறிப்போனால் இரண்டரை மடங்கு தவறு. கலவை முடிந்ததும் 20 மி.லி.யைக் குழாய் வழியே ஓட்டி வெளியே விட வேண்டும். இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இதைச் செய்யாவிட்டால் முதல் சில மணி நேரம் மருந்து போகாது, பிறகு திடீரென்று போகும். மணிக்கு 0.6 யூனிட்டில் தொடங்கினோம். பொட்டாசியம் 3.4 என்றிருந்ததால் அதையும் சேர்த்தோம். இன்சுலின் அதை இன்னும் இறக்கும்.

ஐந்தாம் நாள் குளுக்கோமீட்டர் 184 காட்டியது, வேகம் 0.8 ஆனது. அதே நேரத்தில் எடுத்த நாளத்து இரத்தம் ஆய்வகத்தில் 139. முதல் அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் 7.6-க்கு இறங்கியிருந்தது. சிவப்பணு குறைந்தால் விரல்நுனி மீட்டர் சர்க்கரையை உயர்த்திக் காட்டும். வீங்கிய விரலில் குத்தினாலும், அதிக அளவு வைட்டமின் சி ஓடினாலும் பிழை வரும். வேகத்தை 0.4-க்கு இறக்கி, கிலோவுக்கு 10 மி.லி. வீதம் 200 மி.லி. சிவப்பணு ஏற்றினோம். அதன் பிறகு இரு அளவீடுகளும் ஒத்துப்போயின. நாளுக்கு இரண்டு தடவையாவது மீட்டரை ஆய்வக அளவோடு ஒப்பிடாமல் இன்சுலின் ஓட்டக் கூடாது. ஏழாம் நாள் மாலை இன்சுலின் தேவையே நின்றது.

ஒன்பதாம் நாள் காலை

இரண்டாம் அறுவை 8 மணிக்கு. இரவு 12 மணிக்கே உணவு நிறுத்தப்பட்டது. எந்த அறுவையானாலும் நள்ளிரவோடு வாயைக் கட்டிவிடும் பழைய வழக்கம். ஆர்.எல். ஓடியது, அதில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) இல்லை. காலை 6 மணிக்கு ப்ரொப்ரனலால் 15 மி.கி. அட்டவணைப்படி கொடுக்கப்பட்டது. தியேட்டரில் முந்தைய கேஸ் நீண்டதால் அறுவை தள்ளிப்போயிற்று. 10.15-க்கு டிரெஸ்ஸிங் அறைக்கு வெளியே சிறுமி சுருண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று தாய் நினைத்தார். நெற்றி மட்டும் ஈரம். மற்ற இடமெல்லாம் கட்டு. நாடி 130, முந்தைய நாள் போலவே. சர்க்கரை 46.

10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி., 40 மி.லி. ஊசியாக. பதினைந்து நிமிடத்தில் 92, கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அறுவை மறுநாளுக்கு மாற்றப்பட்டது.

இதை எவர் கவனக்குறைவு என்றும் முடித்துவிட முடியாது. தனித்தனியே சரியாகத் தோன்றும் பழக்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து செய்த தவறு. வெந்த குழந்தையின் கல்லீரலில் கிளைகோஜன் இருப்பு மிகக் குறைவு. ப்ரொப்ரனலால், கல்லீரல் குளுக்கோஸை வெளியிடும் அவசர வழியை அடைக்கிறது. எச்சரிக்கை மணிகளான படபடப்பையும் நடுக்கத்தையும் அதே மருந்து அணைக்கிறது. மிஞ்சுவது வியர்வை மட்டும், அதையும் கட்டுத்துணி மறைத்துவிடுகிறது. நாடி நன்றாக இருக்கிறது என்று அட்டையில் எழுதிய அதே எண், உண்மையில் மருந்து பேசிய பொய்.

மறுநாளிலிருந்து விதி மாறியது. பால் உணவு அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பு வரை, சர்க்கரை நீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை. உணவு நின்ற நிமிடமே 10% டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 48 மி.லி. தொடங்கும் (கிலோவுக்கு நிமிடத்துக்கு 4 மி.கி. குளுக்கோஸ்), உப்புத் திரவம் தனியே. ஒரு மணிக்கொரு சர்க்கரைச் சோதனை. டிரிப் ஓடாமல் ப்ரொப்ரனலால் இல்லை. தியேட்டர் தாமதமானால் யார் தீக்காய வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்றும் எழுதி ஒட்டப்பட்டது.

பதினைந்தாம் நாள்: மறைந்து வந்த தொற்று

வெந்த குழந்தைக்கு 38.5 வரை காய்ச்சல் இயல்பு, எனவே அதை வைத்துத் தொற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ப்ரொப்ரனலால் ஓடும்போது நாடியும் துணைக்கு வராது. 2007-இல் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் தொகுத்த அறிகுறிகளில் மற்றவற்றைத்தான் நம்ப வேண்டும்: வெப்பம் 39-க்கு மேல் அல்லது 36.5-க்குக் கீழ், இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) வீழ்ச்சி, திடீர்ச் சர்க்கரை ஏற்றம், உணவு ஏற்காத வயிறு. இவளுக்கு வயிறு உப்பி, குழாயில் உணவு திரும்பியது, சர்க்கரை 226, தட்டணு இரு நாளில் பாதியானது, வெப்பம் 39.4. நாடியோ 138 தான். இடத் தொடையில் ஒட்டு அழுகிப் பச்சை நிறக் கசிவு. திசு வளர்ப்பில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா.

அழுத்தம் 82-க்கு இறங்கியதும் ப்ரொப்ரனலாலை நிறுத்தி, 200 மி.லி. திரவம், கல்ச்சர் எடுத்த கையோடு ஆண்டிபயாடிக் மாற்றம், அன்றே அழுகிய ஒட்டை அகற்றல். இரண்டு நாளில் அழுத்தம் 98. பழைய 15 மி.கி.க்கு நேரே போகாமல் 5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏறினோம்.

கொடுக்காமல் விட்டவை

தசையை வளர்க்கும் ஸ்டீராய்டான ஆக்சாண்ட்ரோலோன், கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் நாளுக்கு இருமுறை, தசையையும் எலும்பையும் காத்ததாக நல்ல ஆய்வுகள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் அதன் அங்கீகாரம் 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. கல்லீரல் நொதிகள் ஏறும். பெண் குழந்தைக்கு ஆண்தன்மை அறிகுறிகள் வரக்கூடும். அதற்குப் பதிலாக அதே வகை நான்ட்ரோலோன் ஊசி போடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். வேண்டாம். வளரும் எலும்பின் முனைகளைச் சீக்கிரம் மூடச் செய்யும், குரலை உடைக்கும் மருந்து அது. வெந்த குழந்தைகளுக்கு அதன் பயன் நிறுவப்படவில்லை.

வளர்ச்சி ஹார்மோன் தோல் எடுத்த இடத்தை விரைவாக ஆற்றும்; ஆனால் சர்க்கரையை ஏற்றும், விலையும் எட்டாது. 1999-இல் தீவிர சிகிச்சையில் இருந்த பெரியவர்களிடம் இறப்பைக் கூட்டியதும் நினைவில் இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் சான்று பெரும்பாலும் பெரியவர்களுடையது. சிறுநீரகம் தளரும் நாளில் லாக்டிக் அமிலம் தேங்கும். குளுட்டமின் என்ற அமினோ அமிலம் 2022-இல் தீக்காயமுற்ற 1200 பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டுப் பயன் காட்டவில்லை. துத்தநாகம், தாமிரம், செலினியம், வைட்டமின் சி, டி ஆகியவை கொடுக்கப்பட்டன. வெந்து ஆறிய தோல் வெயிலில் நின்றாலும் போதிய வைட்டமின் டி செய்யாது என்பதால் டி மட்டும் நீண்ட காலம் தொடர வேண்டும்.

வீடு திரும்பல்

38-ஆம் நாள் வீட்டுக்குப் போனாள். எடை 18.6 கிலோ, இழப்பு 7%. பத்து சதவீதத்துக்குள் நின்றதை நல்ல விளைவு என்றே கொள்கிறோம். ப்ரொப்ரனலால் 20 மி.கி. மூன்று வேளை, கிலோவுக்கு 3.2 மி.கி. ஆகிறது, நாடி 104. ஓராண்டு வரை தொடரலாம் என்று கால்வெஸ்டனின் 2012 ஆய்வு காட்டியது.

தாயிடம் செவிலியர் சொன்ன வாசகம் இது: "அக்கா, பாப்பா சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் மாத்திரை. சாப்பிடலையா, வாந்தி எடுத்தாளா, அந்த வேளை மாத்திரை வேண்டாம், எங்களுக்குப் போன் பண்ணுங்க. ஆனா நீங்களா ஒரேயடியா நிறுத்திடாதீங்க." இரண்டாவது பாதியைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது தாய், புண் ஆறியதும் நிறுத்திவிடலாம் என்றார். மறுபடி விளக்க வேண்டியிருந்தது. திடீரென்று நின்றால் நாடி துள்ளி எழும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஊரில் காய்ச்சலுக்கு வேறு மருத்துவரிடம் போனால் காட்ட ஒரு மஞ்சள் அட்டை கொடுக்கப்பட்டது: மருந்தின் பெயர், அளவு, "மூச்சிரைப்பு இருந்தால் நிறுத்துக, சர்க்கரை பார்க்க."

12 வார உடற்பயிற்சித் திட்டம் மருந்துக்கு இணையாக எழுதப்பட்டது; தசை வளர வேலை வேண்டும். மணல் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில்களும் வீட்டுப் படியும் போதும். வாரம் மூன்று நாள்.

மூன்றாம் மாதம் எடை 20.2, உயரம் அதே 116. ஆறாம் மாதம் எடை 21.5, உயரம் 117. உயரம் பின்தங்குவது எதிர்பார்த்ததே. மூன்று மாதத்துக்கொரு முறை சுவரில் அதே அளவுகோலில் அளக்கிறோம். எடை கூடியதால் மருந்தைக் கூட்டவில்லை, நாடி 96. ஒன்பதாம் மாதப் பரிசோதனையில் நாடி இதே நிலையில் இருந்தால் மதிய மாத்திரையை முதலில் எடுத்துவிடுவது திட்டம்.